கை மாறிய நீலக்கவசன்

கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் ஒருநாள், கூடத்தின் மூலையில் இருந்த பச்சை நிற இரும்பு பீரோவைத் துடைத்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. புது மருமகள் விடுமுறை நாளில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று ஆகிவிடக் கூடாதே என்ற கூச்சம்தான். கைப்பிடியைத் துடைத்தபோது விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். குழந்தைகளுக்குப் போடுகிற பவுடர். எங்கிருந்தோ கொட்டியிருக்கும் என்று நினைத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறந்துபோனேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த மாமனார் இலையைப் பார்க்கவில்லை. பரிமாறிய என் கையைப் பார்த்தார். பிறகு முந்தானையில் இருந்த வெள்ளைத் தீற்றலைப் பார்த்தார். பீரோவைத் தொட்டாயா என்று கேட்டார். துடைத்தேன் என்றேன். திறந்தாயா என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் பார்த்தால் கைப்பிடியில் புதிதாகப் பவுடர் இருந்தது. வீட்டில் யாராவது அந்த பீரோவைத் திறந்தால் தெரிந்துகொள்ள அவர் வைத்திருந்த பொறி அது என்று அப்போதுதான் புரிந்தது.

மாமனார் அரசு பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். யாரும் எதிர்பார்க்காத நிறுத்தத்தில் ஏறி, டிக்கெட் இல்லாதவரைப் பிடிக்கிற வேலை. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரைக்கும் கோவளம் வரைக்கும் அவர் ஏறாத வண்டி கிடையாது. வேலை ஓய்ந்த பிறகும் குணம் ஓயவில்லை. பாலை விரலில் தொட்டு நகத்தில் வழியவிட்டுப் பார்ப்பார். காஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரை எடை போடச் சொல்வார். தன் கல்யாணத்தன்று தாலியைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத்தான் கட்டினார் என்று அத்தை சொல்வார்கள். அது நிஜமா வேடிக்கையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரையும் முகத்தைப் பார்த்து எடை போடாதே என்பது அவர் அடிக்கடி சொல்வது. டிக்கெட் இல்லாதவன் முகம் தைரியமாகத்தான் இருக்கும், கை மட்டும் சும்மா இருக்காது என்பார்.

பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர் என் கணவர், அதுவும் மெதுவான குரலில். உள்ளே இருந்தவை காமிக்ஸ் புத்தகங்கள். நீலக்கவசன் என்ற ஒரே தொடர், முதல் இதழிலிருந்து அன்றைய தேதி வரை, ஒன்றுவிடாமல். கடலில் முத்துக்குளிக்கப் போன ஒருவன் ஆழத்தில் ஒரு நீல நிறக் கவசத்தைக் கண்டெடுக்கிறான். அதை அணிந்தால் அலை அவன் சொன்னபடி கேட்கும். முத்துத்துறை என்ற நகரத்தை அவன் காக்கிறான். அவன் முகம் யாருக்கும் தெரியாது, கட்டிய மனைவிக்குக்கூட. வேலைக்கான உத்தரவை எதிர்பார்த்துக்கொண்டிருந்த இளவயதில் செங்கல்பட்டு ரயில் நிலையக் கடையில் மாமனார் முதல் இதழை வாங்கியிருக்கிறார். அதன்பிறகு மாதம் தவறியதில்லை. தபாலில் வரும் இதழைத் தபால்காரர் பிரித்துப் படிக்கிறார் என்று சந்தேகப்பட்டுக் கொஞ்ச காலம் சென்னைக்கே போய் வாங்கி வந்தாராம். இவ்வளவு வயதான, இவ்வளவு கடுகடுப்பான ஒரு மனிதர் சூப்பர் ஹீரோ கதை படிக்கிறார் என்பது எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. நாள் போகப்போக வேறு மாதிரி தோன்றியது. பால்காரர், தபால்காரர், பெற்ற மகன், வந்த மருமகள் என்று எல்லோரையும் சந்தேகித்த அந்த மனிதர், நம்புவதற்கென்று ஒரே ஓர் ஆளை வைத்திருந்தார். அந்த ஆள் காகிதத்தில் இருந்தான்.

அந்த ஆளையும் அவர் சந்தேகிக்க நேர்ந்த கதையைத்தான் எழுத வந்தேன்.

எனக்கு அப்போது நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, சோதனைப் பிரிவில். அடுத்தவர் எழுதிய நிரலில் எங்கோ தப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்து அதைத் தேடுவதற்குத்தான் சம்பளம். இதை நான் வீட்டில் விளக்கிச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. மாமனார் மட்டும் வாங்கியிருக்கிறார். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் இரண்டு இதழ்களை வைத்திருந்தார். ஒன்று பழையது, ஒன்று சமீபத்தியது. பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. "இன்னா வித்தியாசம் தெரியுதுன்னு பாத்துச் சொல்லு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார்.

தாள் வேறு, மை வேறு, விலை வேறு. அதெல்லாம் அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். கவசம் அதே கவசம். எழுத்து அதே எழுத்து. அடியில் ஓவியரின் பெயரும், அதைச் சுழித்துப் போடுகிற விதமும்கூட அதேதான். வெகுநேரம் கழித்து ஒன்று தட்டுப்பட்டது. பழைய இதழில் நீலக்கவசனின் கைகள் சதுரமாக இருந்தன. விரல்கள் எல்லாம் ஒரே நீளம். முஷ்டியை மடக்கினால் செங்கல் மாதிரி இருக்கும். புதிய இதழில் அந்தக் கைக்கு உயிர் வந்திருந்தது. கயிற்றைப் பிடித்தால் கயிறு கனக்கிறது என்பதை அந்தக் கை சொன்னது. ஒரு குழந்தையைத் தூக்கும்போது கழுத்துக்குக் கீழே விரல்கள் தாமாக விரிந்திருந்தன.

கை, என்றேன்.

அவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பை எதிர்பார்த்தேன். அவர் கண்ணைச் சுருக்கினார். "யாரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

யாரும் சொல்லவில்லை என்று அவரை நம்பவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனதில் இருந்ததைக் கொட்டினார். நாலைந்து வருடமாக நீலக்கவசனை வேறு யாரோ வரைகிறார்கள். வாசகர்களுக்குத் தெரிவிக்காமல் பழைய பெயரையே போட்டு ஏமாற்றுகிறார்கள். "டிக்கெட்டு ஒருத்தன் பேர்ல கீது, பிரயாணம் இன்னொருத்தன் பண்றான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் குரலில் இருந்தது கோபம் மட்டும் இல்லை. தன் வீட்டுக்குள் யாரோ தன் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடுவதைப் பார்த்தவர் மாதிரி பேசினார்.

தொடருக்கு ஒரு வாசகர் குழு இருந்தது. பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், இதழ்களைச் சேகரிக்கிறவர்கள். வாட்ஸாப்பில் பேசிக்கொள்வார்கள், வருடத்துக்கு ஒருமுறை சென்னையில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். பதிப்பாளரும் வருவார். ஓவியர் முன்பெல்லாம் வந்தவர், சில வருடங்களாக உடம்பு சரியில்லை என்று வருவதில்லை. மாமனார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்து குழுவில் போட்டேன். கை மாறிவிட்டது, வாசகர்களுக்குப் பதில் சொல்லுங்கள் என்று. பதில் வந்தது. பெரியவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பத்துப் பதினைந்து சிரிப்புப் பொம்மைகள். அவருக்கு அப்போது ஒரு கண்ணில் புரை இருந்தது உண்மைதான், அதனால் அந்தக் கேலி இன்னும் ஆழமாகக் குத்தியது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஆதாரத்தோடு வருகிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதன்பிறகு அவர் தூங்கியே நான் பார்க்கவில்லை.

ஓவியர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் கண்டுபிடித்த விதம் இன்றும் எனக்கு ஆச்சரியம். முத்துத்துறை என்பது கற்பனை நகரம். ஆனால் அதன் பேருந்து நிலையம் வருகிற பக்கங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, இது கோவளம் என்றார். வண்டி திரும்புகிற இடம், சர்ச்சின் கூம்பு எந்தப் பக்கம் தெரிகிறது, மசூதியின் மினார் எந்தப் பக்கம், எல்லாம் ஒரு குறிப்பிட்ட டீக்கடையில் நின்று பார்த்தால் தெரிகிறபடியே இருக்கிறதாம். ஒரு சனிக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து கிளம்பினார். ஸ்கூட்டரில் போகலாம் என்றேன். மறுத்துவிட்டார். திருப்போரூரில் இறங்கி, கேளம்பாக்கத்தில் மாறி, பஸ்ஸிலேயே போனோம். வழிநெடுக அவர் கண் சக பயணிகளின் கைகள்மேல் இருந்தது. மேசையில் வைத்துப் பார்த்த அந்த இரண்டு இதழ்களும் அவருடைய பழைய செக்கிங் பைக்குள் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. அவர் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

கோவளத்தில் டீக்கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வழி சொன்னார். படம் போடுகிற பாய் வீடு என்றால் அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடற்கரைக்குப் போகிற சந்தில், வலைகள் காயப்போட்டிருந்த ஒரு வெளியைத் தாண்டி, சிறிய ஓட்டு வீடு. கதவைத் திறந்தது ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா, ஓவியரின் மனைவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே எங்களைப் பார்த்தார். நாங்கள் வாசகர்கள், ஓவியரைப் பார்க்க வந்தோம் என்றேன். அந்த முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. "யாரு அனுப்புனாங்க?" என்று கேட்டார். என் மாமனார் வாயிலிருந்து வருகிற கேள்வி இன்னொருவர் வாயிலிருந்து வந்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

உள்ளே ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஓவியர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், நல்ல சிரிப்பு. வலது கையை இடது கையால் மடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். முதல் இதழிலிருந்து படிக்கிறவர் வந்திருக்கிறார் என்றதும் சந்தோஷமாகப் பழைய கதைகளைப் பேச ஆரம்பித்தார். மாமனார் தலையை ஆட்டினார், ஆனால் கேட்கவில்லை. அவர் கண் அறையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அது போன இடத்துக்கெல்லாம் என் கண்ணும் போனது. சமையலறைப் பக்கத்து ஜன்னலின் கீழே வரைகிற பலகை தரையில் சாய்த்து வைத்திருந்தது. எதிரே ஒரு பாய். நாற்காலியிலிருந்து எழுவதற்கே இன்னொருவர் தோளைப் பிடிக்க வேண்டிய மனிதர் அந்தப் பாயில் உட்கார்ந்து எப்படி வரைவார்? அந்த அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தபோது, தம்ளரைப் பிடித்திருந்த ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் கருப்பு மை படிந்திருந்தது. தேய்த்துக் கழுவியும் போகாத கருப்பு.

மாமனாரும் பார்த்துவிட்டார். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். அவர் பையைத் திறந்து, பழைய இதழை எடுத்து, பேனாவோடு ஓவியரிடம் நீட்டினார். ஞாபகத்துக்கு ஒரு சின்னப் படம், நீலக்கவசன் முகம் மட்டும் போதும் என்றார். பணிவான குரல். எனக்கு உடம்பு கூசியது. ஓடுகிற வண்டியில், எல்லோரும் பார்க்க, ஒருவரிடம் டிக்கெட்டை எடு என்று சொல்கிற பணிவு அது.

ஓவியர் பேனாவை வாங்கினார். கை ஆடியது. தாளில் வைத்ததும் இன்னும் அதிகமாக ஆடியது. ஒரு புள்ளி விழுந்தது, அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஆனால் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல. அந்த அம்மா வந்து, "குடுங்க இங்க" என்று பேனாவை அவர் விரல்களிலிருந்து எடுத்தார். தரையில் உட்கார்ந்து, இதழை மடியில் வைத்து, ஓரத்தில் நான்கைந்து கோடுகள் இழுத்தார். கவசம் அணிந்த ஒரு கை, எதையோ வாங்கிக்கொள்ள விரிகிற கை, எங்கள் கண்ணெதிரே வந்து நின்றது.

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? அஞ்சு வருசமா நான்தான் போடுறேன். மின்ன இவரு கோடு போடுவாரு, நான் கருப்பு ரொப்புவேன். அப்பறம் இவருக்குக் கை நடுங்கிடுச்சு. பேரு மட்டும் இவருது. அந்தப் பேரு மாசாமாசம் வர்றதாலதான் இவரு காலையில எழுந்து உக்காருறாரு. யாருகிட்ட சொல்லணுமோ போய்ச் சொல்லிக்குங்க."

வெளியே வலைக்காரர்கள் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. ஓவியர் ஜன்னலைப் பார்த்தபடி, "அவ என்னவிட நல்லா போடுறா சார். அதான் எனக்கு பயமே" என்றார்.

மாமனார் வெகுநேரம் அந்தக் கையின் படத்தைப் பார்த்தார். பிறகு புதிய இதழை எடுத்து, வெள்ளத்தில் சிக்கிய மீனவப் பெண்ணை நீலக்கவசன் தூக்கிவருகிற பக்கத்தைத் திறந்தார். "இதுல அந்தப் பொண்ணுக்கு முடி நனைஞ்சி கன்னத்துல ஒட்டினு கீதே, இது நீங்க போட்டதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அந்த அம்மா. மாமனார் இதழை மூடினார். ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார், இதழ்களை உறையில் போட்டார், எழுந்தார். அந்த அம்மா வாசல்வரை வந்து, தன் போன் எண்ணை எங்களிடம் எழுதிக் கொடுத்து, என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். மாமனார் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். கூட்டத்தில் சொல்லப் போகிறாரா என்று. "ஒனக்கு எதுக்கு?" என்றார். அடுத்த சில வாரங்கள் நான் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தேன். நான்கு பேர் முன்னால் தன்னைப் பைத்தியக்காரனாக்கியதை மறக்கிற மனிதர் இல்லை அவர். வாழ்நாளில் ஒருமுறைகூட, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. மகன் பிறந்த தேதியைப் பள்ளியில் தவறாகக் கொடுத்துவிட்டு, கடைசிவரை ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் தப்பு என்று சாதித்தவர். அவரிடம் இப்போது அசைக்க முடியாத ஆதாரம் இருந்தது. பழைய இதழின் ஓரத்தில், பேனாவால் வரைந்த ஒரு கை.

கூட்டத்தன்று சென்னைக்கு நானும் போனேன். அவரைத் தடுக்க முடியும் என்று நினைத்துப் போகவில்லை. அந்த அம்மாவுக்கு முதலில் நான் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கைப்பேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவரைப் பேச அழைத்தார்கள். செங்கல்பட்டுப் பெரியவர் ஆதாரம் கொண்டுவந்திருக்கிறார் என்று அறிவித்தபோதே முன்வரிசையில் சிரிப்பு. பதிப்பாளர் மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மாமனார் மைக்கின் முன் நின்று தொண்டையைச் செருமினார். "கண்ணுல புரை இருந்துச்சு. ஆபரேசன் பண்ணிக்கினேன். இப்ப பாத்தா எல்லாம் ஒரே கைதான். நான் சொன்னது தப்பு" என்றார். இறங்கி வந்துவிட்டார்.

மண்டபமே கைதட்டிச் சிரித்தது. அன்பான சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர், பெரியவருக்கு இன்னொரு அப்பளம் வையுங்கள், அதிலும் வித்தியாசம் கண்டுபிடிக்கட்டும் என்றார். மாமனார் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.  அவர் ஆபரேஷன் செய்துகொள்ளவே இல்லை. அதற்கு டாக்டரை நம்ப வேண்டுமே.

கிளம்பும்போது பதிப்பாளர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரயில் தாம்பரத்தைத் தாண்டியது. மாமனார் என் பக்கம் திரும்பி, அந்தப் பதிப்பாளருக்கும் தெரியும் என்றார். எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "கை குடுக்கச்சொல்ல ஒரு அழுத்து அழுத்துனான். சும்மா அழுத்தமாட்டான்" என்றார். அது உண்மையா, அவருடைய வழக்கமான சந்தேகமா என்று எனக்குத் தெரியாது. பதிப்பாளரிடம் நான் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது.

அவர் செய்தது பெரிய காரியம் என்று நினைத்து நெகிழ்ந்து போயிருந்தேன். இனி எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கும் என்றும் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. அன்றிலிருந்து நான் போனில் பேசினால் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மகனிடம் சொன்னாயா என்று அவ்வப்போது திடீரென்று கேட்பார், நான் அயர்ந்திருக்கிற நேரம் பார்த்து. இல்லை என்பேன். என் கையைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு அது வலித்தது. அவர் சந்தேகத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிற மனிதர், என்னை மட்டும் கொஞ்சம் தள்ளி வைப்பார் என்று எதிர்பார்த்தது என் ஆசை. சில வருடங்கள் கழித்து இதயக் கோளாறில் அவர் போனார். கடைசியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார்.

போன வருடம் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நீலக்கவசன் தொடரின் வரலாற்றை எழுதுவதாகச் சொன்னார் ஓர் இளைஞர். மரியாதையான பேச்சு. உங்கள் மாமனார் ஒருமுறை ஏதோ சந்தேகம் எழுப்பினாராமே, பிறகு கோவளம்கூடப் போய் வந்தாராமே என்றார். கோவளம் போனதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குள் எதுவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. மாமாவுக்குக் கண்ணில் புரை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். அவர் விடாமல் வேறு வேறு வழியாகக் கேட்டார். நான் வேறு வேறு வழியாக அதையே சொன்னேன். வைத்தவுடன் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, இப்படி ஒருவர் வரலாம், ஜாக்கிரதை என்று சொன்னேன். கோவளம் போய் வந்த பிறகு நான் அவரிடம் பேசுவது அதுதான் முதல்முறை. அவர் சிரித்தார்.

"உங்க மாமனாரும் அப்பப்ப போன் பண்ணி இதத்தான் சொல்லிகினு இருப்பாரு. யாரு வந்து கேட்டாலும் ஒத்துக்காதீங்க, எம் மருமவ வந்து கேட்டாலும் ஒத்துக்காதீங்கன்னாரு."

நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்த பிறகு சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் அந்த வீட்டுக்கு அவ்வப்போது போன் செய்திருக்கிறார். என்னிடமிருந்தும் சேர்த்தே அவர்களைக் காத்திருக்கிறார். அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகப்பட வேண்டிய ஆட்களில் முதல் பெயர் என்னுடையது. அந்த மனிதரிடம் அது ஒரு வகையில் பெரிய மதிப்புதான் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஓவியர் இப்போது இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். அடையாளம் தெரியாதபடி எழுதிக்கொள்ளுங்கள் என்றார், அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதியதை முதலில் படித்தவர் என் கணவர். தன் அப்பாவைப் பற்றித் தனக்கே தெரியாதது இவ்வளவு இருந்ததா என்று வியந்து வெகுநேரம் தாள்களைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, மாற்றி எழுதியதாகச் சொல்கிறாயே, எதை எதை மாற்றினாய், தொடரின் பெயரையா, ஊரையா என்று கேட்டார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான். இருந்தாலும் நான் அவர் கையைப் பார்த்தேன்.

"ஏன் கேக்குறீங்க?" என்றேன்.